வசந்தத் தொடக்கத்தில் உங்கள் பகுதியில் ஒரு கலை, கற்றல் நாள்: நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரையிலான நாட்களுக்குத் தனிக் குணம் உண்டு. குளிர்நாடுகளில் மாதக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வர ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வெப்பநாடுகளிலோ, கடும் வெயில் தொடங்குமுன் திறந்த வெளியில் நிம்மதியாக உட்கார முடிகிற கடைசி வாரங்கள் இவை. ஒரு தெருவோ குடியிருப்போ ஒன்றுகூட இதைவிட நல்ல பருவம் வாய்க்காது.

கையில் பெரிய பணமோ பின்னால் ஓர் அமைப்போ இல்லாத ஐந்தாறு பேர் சேர்ந்து, நூறு பேர் வரை வந்துபோகிற ஒரு நாள் நிகழ்வை நடத்துவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். பாட்டு, கதை, கைவேலை, கொஞ்சம் அறிவியல், நிறையப் பேச்சு எல்லாம் கலந்த நாள். தென்கோளத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே செப்டம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம். தயாரிப்புக்கு எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்திலும் முடியும், ஆனால் மூச்சு வாங்கும்.

முதல் படி: மேடைக்கு முன் ஆட்களைத் தேடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் அரங்கத்தைப் பதிவு செய்துவிட்டு, பேனர் அடித்துவிட்டு, அப்புறம்தான் யார் பாடுவார், யார் பேசுவார் என்று யோசிக்கத் தொடங்குகின்றன. நேரம் நெருங்கும்போது வெளியிலிருந்து யாரையாவது அழைத்து இடத்தை நிரப்புகிறார்கள். வந்தவர் நன்றாகவே பாடுவார். பார்த்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அதே தெருவில் ஒருவரையொருவர் தெரியாதவர்களாகவே கடந்து போவார்கள். ஒரு பகுதி மக்களுக்காக நடத்துகிற நாளில் இது நடக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிற திறமைதான் நிகழ்ச்சியின் முதல் பொருளாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து அழைப்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

ஆகவே முதல் இரண்டு வாரமும் வீடு வீடாகப் பேசுவதற்குத்தான். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றுதான் பதில் வரும், அதுவும் மிக நன்றாகத் தெரிந்தவர்களிடமிருந்தே வரும். மாற்றிக் கேளுங்கள். "சின்ன வயதில் கையால் என்னென்ன செய்வீர்கள்?" "முழுசாக நினைவிருக்கிற பாட்டு எது?" "அக்கம்பக்கத்தில் எதற்காவது உங்களைத் தேடி வருவார்களா?" கடைசிக் கேள்விதான் எப்போதும் நன்றாக வேலை செய்கிறது. மிதிவண்டிச் சங்கிலியைச் சரிசெய்பவர், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர், கிழிந்த துணியை அடையாளமே தெரியாமல் தைப்பவர், பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்பவர் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வருவார்கள்.

ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், திறமை, வரக்கூடிய நேரம், தேவைப்படும் பொருட்கள், அப்புறம் முக்கியமாக, அவர் கூட்டத்தின் முன் பேசுவாரா, செய்து மட்டும் காட்டுவாரா என்பது. செய்யத் தெரிந்த பலருக்குப் பேசக் கூச்சம். அவர்களுக்குப் பக்கத்தில் பேசத் தயங்காத ஒருவரை உட்கார வையுங்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இதற்கு மிகவும் பொருத்தம். "தாத்தா, இந்த முடிச்சை ஏன் இரண்டு தடவை போடுகிறீர்கள்?" என்று அவர்கள் கேட்க, அவர் பதில் சொல்ல, சுற்றி நிற்பவர்களுக்கும் அது பாடமாகிவிடும்.

செய்து காட்ட ஒன்றுமில்லை, ஆனால் வாழ்க்கையில் நிறையப் பார்த்தவர்கள் என்றும் சிலர் இருப்பார்கள். கப்பலில் வேலை பார்த்தவர், செவிலியாக இருந்தவர், வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்தவர். இவர்களுக்கு "மனித நூலகம்" என்கிற முறை கைகொடுக்கும். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒரு மனிதரையே புத்தகம்போல இரவல் எடுத்து, அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பேசுவதுதான் அது. மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். இரண்டு நாற்காலி போதும்.

இரண்டாவது படி: நாளைக் குறிப்பது

இந்த ஆறேழு வாரத்தில் உலக அளவில் கடைப்பிடிக்கும் நாட்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பட்டியலில் இருக்கும் ஆட்களுக்கு எது பொருந்துகிறதோ அதையொட்டிய வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். நாளை முதலில் வைத்துவிட்டு ஆட்களை அதற்குள் திணிக்க வேண்டாம்.

மொழி பற்றிய நிகழ்ச்சி என்றால் பிப்ரவரி 21 இருக்கிறது. 1952இல் டாக்காவில் தாய்மொழி உரிமைக்காக உயிர்விட்ட மாணவர்கள் உள்ளிட்டோரின் நினைவு நாள் அது. யுனெஸ்கோ 1999இல் அறிவித்து, 2000 முதல் உலகத் தாய்மொழி நாளாக நடக்கிறது. பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் கிடைத்தால் மார்ச் 14. பை (π) நாளாகப் பலருக்குத் தெரிந்த அதை யுனெஸ்கோ 2019இல் உலகக் கணித நாளாக அறிவித்தது.

மார்ச் 20, 21தான் நல்ல கனமான வாரம். 20 உலகக் கதைசொல்லல் நாள். சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் முளைத்தது. 21 உலகக் கவிதை நாள், உலகப் பொம்மலாட்ட நாள், உலக வன நாள், மூன்றும் ஒன்றாக வருகிறது. 22 உலகத் தண்ணீர் நாள், 1993 முதல். 27 உலக நாடக நாள், 1962 முதல். ஏப்ரல் 2 உலகச் சிறுவர் நூல் நாள், சிறுவர் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் பிறந்த நாள் அது. இவற்றுக்கெல்லாம் நடுவில் மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாள் வந்து விழுகிறது. முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு என் பரிந்துரை இந்த வாரம்தான். கதை, கவிதை, பொம்மை, மரம், வானம் என்று எதைத் தொட்டாலும் அன்றைக்குப் பொருந்தும்.

நாளைக் குறிக்குமுன் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது, கடிகார மாற்றம். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாவது ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அந்த ஞாயிறு காலை நிகழ்ச்சி வைத்தால் பாதிப் பேர் தாமதமாக வருவார்கள், மீதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். இரண்டாவது, பள்ளித் தேர்வுகள். பல நாடுகளில் மார்ச் தேர்வு மாதம். மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர்களின் நோன்புகளும் பண்டிகைகளும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் 2026, 2027இல் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நிகழ்ச்சியை மாலையில் நீட்டினால் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். நான்காவது, சூரியன் மறையும் நேரம். பூமத்திய ரேகைக்கு அருகே இது பெரிதாக மாறாது. ஆனால் 50 பாகை அட்சரேகையில் மார்ச்சில் பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. மாதத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பகலின் நீளத்தில் இரண்டு மணி நேரத்துக்கு நெருக்கமான வித்தியாசம். பிப்ரவரியில் போட்ட கணக்கை மார்ச் கடைசிக்கு அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது படி: என்ன நடத்துவது

ஆறு நிகழ்வுகளுக்கு மேல் வேண்டாம். பார்க்க ஒன்று, கையால் செய்ய இரண்டு, பேச ஒன்று, வானத்தையோ மண்ணையோ கவனிக்க ஒன்று, வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்று. இந்த அளவு நூறு பேருக்குத் தாராளமாகப் போதும். கூட்டம் குறைவாக வந்தாலும் காலியாகத் தெரியாது. எங்கும் நடத்தக்கூடிய சிலவற்றை விவரமாகச் சொல்கிறேன்.

நிழல் குச்சி. செலவே இல்லாதது, பார்ப்பவர்களை இதுபோல நிறுத்திவைப்பது வேறில்லை. ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டால் குச்சி நேராக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். காலை 10 மணியிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனி விழும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் வெவ்வேறு பிள்ளை வைக்கட்டும். வருடத்தின் மற்ற நாட்களில் இந்தப் புள்ளிகள் பொதுவாக வளைகோட்டில்தான் விழும். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் மட்டும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழும், அந்தக் கோடு கிழக்கு மேற்காக ஓடும். அன்று சூரியன் வானில் நகரும் பாதையும் குச்சியின் நுனியும் ஒரே தளத்தில் அமைகின்றன. அந்தத் தளம் தரையை வெட்டும் இடம் நேர்கோடு. அவ்வளவுதான் காரணம்.

நிழல் மிகக் குறுகும் கணம்தான் உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல். கடிகாரத்தின் 12 மணியோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நேர மண்டலம் பற்றிப் பேச அதுதான் தருணம். மார்ச் 20ஐ ஒட்டிய நாளென்றால், அந்தக் குறுகிய நிழலை அளந்து குச்சியின் நீளத்தால் வகுத்து, போனில் இருக்கும் கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) போட்டால் அந்த இடத்தின் அட்சரேகை வந்துவிடும். நிழல் 58 செ.மீ. என்றால் 30 பாகை. குச்சி அளவே நிழல் விழுந்தால் 45 பாகை. உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ தூரத்தில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ அதே நாளில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கோணங்களின் வித்தியாசத்தில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், வடக்குத் தெற்காக எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். கிரேக்க அறிஞர் எராடோஸ்தெனிஸ் 2200 ஆண்டுகளுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணித்த வழியைத் திருப்பிப் போட்டதுதான் இது. நிழலை மட்டுமே பார்க்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடங்குமுன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

நீல அச்சு. இலையையோ பூவையோ காகிதத்தின் மேல் வைத்து, வெயில் காட்டி, தண்ணீரில் கழுவினால் ஆழ்ந்த நீலப் பின்னணியில் வெள்ளை உருவம் எழும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் இதைக் கொண்டு கடற்பாசிகளைப் பதிவு செய்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் அதுதான் என்பார்கள். வசந்தத் தொடக்கத்தின் புதுத் தளிர்களுக்கு இந்த முறை அழகாகப் பொருந்தும், மெல்லிய இலையின் நரம்புகூடச் சில நேரம் பதிந்துவிடும்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு கரைசல்களைச் சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தடித்த காகிதத்தில் பூசி, இருட்டில் காய வைக்க வேண்டும். இதைக் கையுறை போட்ட பெரியவர்கள் முந்தின நாளே செய்துவிடட்டும், அல்லது பூசிய தாளாகவே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இலை அடுக்குவதையும் கழுவுவதையும் மட்டும் செய்தால் போதும். இலை நகராமலிருக்க மேலே கண்ணாடித் தகடு வையுங்கள், உடைந்தால் ஆபத்து என்று தோன்றினால் தெளிவான அக்ரிலிக். நல்ல வெயிலில் பத்து நிமிடத்துக்குள் முடியலாம். மேகமூட்டத்தில் பல மடங்கு நேரம் எடுக்கும். காகிதம் மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுவதுதான் அடையாளம். பிறகு மஞ்சள் கரைவது நிற்கும்வரை தண்ணீரில் அலசுங்கள். நீலம் காயக் காய இன்னும் ஆழமாகும் என்பதால், வெளிறித் தெரிகிறது என்று வருந்தும் பிள்ளையிடம் "நாளைக்குப் பார்" என்று சொல்லி அனுப்புங்கள். முந்தின வாரம் அதே நேரத்தில் ஒரு தாளை வெயிலில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். இந்தப் பருவத்தின் வெயில் பல இடங்களில் இன்னும் பலவீனமாகவே இருக்கும்.

நிழல் பொம்மை. காலையில் செய்யக் கற்று, மாலையில் அதையே வைத்து நிகழ்த்தலாம் என்பதால் ஒரு நாள் நிகழ்வுக்கு இதைவிட நல்ல முதுகெலும்பு எனக்குத் தெரியவில்லை. எட்டிலிருந்து பத்துப் பேர் கொண்ட குழு. கறுப்பு அட்டை, கத்தரி, மெல்லிய குச்சி, ஒட்டும் நாடா. கண், நகை, இலை நரம்பு என்று ஒளி புகும் துளைகளை வெட்டச் சொல்லுங்கள், உருவத்துக்கு உயிர் வருவது அந்தத் துளைகளில்தான். திரைக்குச் சுருக்கமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள்.

இதில் ரகசியம் எல்லாம் விளக்கில் இருக்கிறது. ஒளி வரும் இடம் சிறியதாக இருந்தால் நிழல் கூர்மையாக விழும். அகலமான எல்இடி பலகையை வைத்தால் எல்லாம் கலங்கித் தெரியும். ஒற்றை விளக்குப் புள்ளியோ சிறிய டார்ச்சோ போதும். பொம்மையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் தெளிவாக, உண்மை அளவில் இருக்கும். விளக்கின் பக்கம் கொண்டுபோனால் பெரிதாகி மங்கும். பூதம் வளர்வதும், ஆள் தூரத்திலிருந்து வருவதும் இந்த ஒரே அசைவில் கிடைத்துவிடும். கதை ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். பேசுபவர் ஒருவர், பொம்மை பிடிப்பவர் வேறொருவர் என்று பிரித்தால் கூச்சமுள்ள பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்.

கதை வட்டம். எட்டுப் பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை, நாற்காலிகள் வட்டமாக, ஆளுக்கு மூன்று நிமிடம். தலைப்பு திட்டவட்டமாக இருக்க வேண்டும். "வாழ்க்கை" என்று வைத்தால் உபதேசம்தான் வரும். "தொலைந்து திரும்பக் கிடைத்த பொருள்" என்று வைத்தால் கதை வரும். தனக்கு நடந்ததைச் சொல்வது, அடுத்தவருக்கு அறிவுரை சொல்லாமலிருப்பது, இரண்டே விதிகள். ஒருவர் தன் தாய்மொழியில் சொல்ல விரும்பினால் அப்படியே சொல்லட்டும், பேரனோ மகளோ பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கலாம். புரியாத மொழியாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கும் அந்த நிமிடங்கள், மொழிபெயர்ப்பு வருமுன்பே கூட்டத்தை நெருக்கமாக்கிவிடும்.

பழுதுபார்க்கும் மேசை. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே இயக்கம் பரப்பிய வழி. பொருளை விட்டுவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, திருகைக் கழற்றி, சேர்ந்து பார்க்க வேண்டும். கற்றல் அங்கேதான் நடக்கிறது. துணி, பை, மிதிவண்டி, விளக்கு, பொம்மை போதும். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய படக்குழாய் டிவியும் வேண்டவே வேண்டாம். மின் இணைப்பை எடுத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

பறவைக் கணக்கு. பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு 1998இல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து எண்ணிப் பதிந்தால் போதும். அந்தத் தேதி தவறினாலும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் எந்த நாளும் பதியலாம். காலை முதல் நிகழ்வாக வையுங்கள், பறவைகள் நேரமாக ஆக ஒதுங்கிவிடும்.

விதைப் பரிமாற்றமும் இந்தப் பருவத்துக்கு ஏற்றது. விதை எடுத்த ஆண்டும் செடியின் பெயரும் எழுதாத பொட்டலத்தை மட்டும் ஏற்க வேண்டாம்.

நான்காவது படி: இடமும் அதன் அமைப்பும்

நூலகம், பள்ளி, சமுதாயக் கூடம், பூங்காவை ஒட்டிய கட்டடம் எதுவானாலும் உள்ளும் வெளியும் சேர்ந்திருக்க வேண்டும். வசந்தத் தொடக்கத்தில் வானத்தை நம்ப முடியாது. வெளி நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் "மழை வந்தால் எங்கே?" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாளைத் தள்ளி வைப்பதைவிட உள்ளே நகர்த்துவது நல்லது. தள்ளி வைத்த நிகழ்ச்சிக்கு மறுபடி வருபவர்கள் மிகக் குறைவு.

இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒருவர் நுழைவாயிலிலிருந்து கழிப்பறை வரை சக்கர நாற்காலியில் போகிற மாதிரி எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் தனியாக ஏறுவது சிரமம். கதை சொல்பவர் "என் குரல் கணீரென்று இருக்கும், மைக் வேண்டாம்" என்றாலும் மைக் கொடுங்கள். காது கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் "கேட்கவில்லை" என்று எழுந்து சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள்.

சத்தமான நிகழ்வையும் அமைதியானதையும் சுவரில்லாமல் அருகருகே வைக்காதீர்கள். பழுதுபார்க்கும் மேசையும் கதை வட்டமும் ஒரே அறையில் ஒத்துப்போகாது. நடக்கும் வழியில் ஓடும் மின்கம்பிகளை நாடா போட்டு ஒட்டுங்கள். நீல அச்சுக்குத் தண்ணீர்க் குழாய் அருகே வேண்டும், நிழல் பொம்மைக்கு இருட்டாக்க முடிகிற அறை வேண்டும், நிழல் குச்சிக்கு மரமோ கட்டடமோ மறைக்காத தரை வேண்டும். இந்த மூன்றையும் நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் நேரில் போய்ப் பார்த்துவிட்டே இடத்தை உறுதி செய்யுங்கள்.

ஐந்தாவது படி: அனுமதியும் பணமும்

இடத்துக்கு உரியவரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பொறுப்புக் காப்பீடு தேவையா என்று அப்போதே கேளுங்கள், பல கூடங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். பதிவு செய்த பாடல்களைப் பொது இடத்தில் ஒலிக்கவிட, கட்டணமில்லா நிகழ்ச்சியானாலும், பல நாடுகளில் உரிமம் வேண்டும். சில கூடங்கள் அதையும் எடுத்து வைத்திருக்கும். ஆட்களே வாயால் பாடும் பழைய நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வராது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

குழந்தைகளைப் படமெடுப்பது பற்றி வாசலிலேயே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு நிறப் பட்டை கட்டினால் படமெடுப்பவருக்கு எளிதாகத் தெரியும். தெரியாத பெரியவர் ஒருவர் தனியாக ஒரு குழந்தையோடு இருக்கும்படி எந்த நிகழ்வும் அமையக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடம்.

பணம் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்தால் அவருக்குப் பணம் கொடுங்கள். "நாலு பேருக்குத் தெரியவரும்" என்பது சம்பளம் ஆகாது. கொடுக்க முடியவில்லை என்றால் அழைக்க வேண்டாம், உங்கள் பகுதி ஆட்களே நடத்தட்டும். பேச்சு வார்த்தையின் முதல் அழைப்பிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள், நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாவது படி: ஊருக்குச் சொல்வது

துண்டறிக்கையில் ஐந்து விஷயம் போதும்: என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, இலவசமா. இவற்றுக்கு மேல் ஒரு வரி: "தெரிந்தவர்கள் யாரும் இல்லாவிட்டாலும் வரலாம், வாசலில் ஒருவர் இருப்பார்." தனியாக வரத் தயங்குபவர்களை அழைத்து வருவது இந்த வரிதான். வாசலில் உண்மையாகவே ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களுக்குத்தான் எட்டும். முதியவர்களையும் புதிதாகக் குடிவந்தவர்களையும் கதவைத் தட்டித்தான் அழைக்க முடியும். பங்கேற்கும் ஒவ்வொருவரும் ஐந்து வீடுகளை நேரில் அழைப்பது என்று வைத்துக்கொண்டால் சுமை யாருக்கும் பெரிதில்லை. அக்கம்பக்கத்தில் பேசப்படும் மொழிகள் எல்லாவற்றிலும் தலைப்பையும் நேரத்தையுமாவது எழுதுங்கள். எழுத்துப் பிழையில்லாமல் பார்த்துக்கொடுக்க அந்த மொழிக்காரர் ஒருவரையே கேளுங்கள், அவரும் உங்களோடு சேர்ந்துவிடுவார்.

இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் வர மாட்டார்கள். பெயர் கொடுக்காதவர்கள் வருவார்கள். இடம் குறைவான பட்டறைகளுக்கு மட்டும் பதிவு வையுங்கள்.

ஏழாவது படி: அந்த நாள்

காலை 8 மணிக்குப் பறவைக் கணக்கு. 10 மணிக்கு நிழல் குச்சியின் முதல் புள்ளி, அதுவே தொடக்க விழா. விளக்கேற்றுவதும் வரவேற்புரையும் வேண்டாம் என்பேன், ஒரு குழந்தை தரையில் புள்ளி வைத்தால் நாள் தொடங்கிவிடும். 10:30க்கு நிழல் பொம்மை செய்வது. வெயில் வலுவாக இருக்கும் 11 முதல் 2 வரை நீல அச்சு. பழுது மேசை நாள் முழுக்க. உண்மையான நண்பகல் நெருங்கும்போது எல்லோரையும் குச்சியைச் சுற்றி அழையுங்கள். பிற்பகல் 3க்குக் கதை வட்டமோ மனித நூலகமோ. சூரியன் சாயும் நேரத்தில் எல்லோரும் கூடத்துக்கு வந்து நிழல் பொம்மை பார்ப்பது, அதோடு நிறைவு.

நிகழ்வுகளுக்கு இடையே அரை மணி நேரம் வெற்றாக விடுங்கள். அந்த அரை மணியில்தான் பேச்சு தொடங்குகிறது. ஒருவருக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்காமல் சும்மா சுற்றிவர விடுங்கள். தனியாக நிற்பவரிடம் போய்ப் பேசுவது, தண்ணீர் தீர்ந்திருப்பதைக் கவனிப்பது, அழும் குழந்தையின் அம்மாவைத் தேடுவது எல்லாம் அவர் வேலை. குழுவிலேயே அனுபவம் அதிகமுள்ளவரை இதற்கு வையுங்கள், மேடைக்கு அல்ல.

எட்டாவது படி: அதற்குப் பிறகு

இரவல் வாங்கிய பொருட்களை இரண்டு நாளைக்குள் திருப்பிக் கொடுங்கள். நீலக் கரைசல் மிச்சமிருந்தால் வடிகாலில் ஊற்றாமல், உள்ளூரில் வேதிப்பொருட்களை அகற்றும் முறைப்படி ஒப்படையுங்கள். ஒரு வாரத்துக்குள் குழு ஒருமுறை உட்காரட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, யார் யாரோடு முதல் தடவை பேசினார்கள், எந்த மேசையைச் சுற்றி ஆட்கள் நகராமல் நின்றார்கள், நிகழ்ச்சி நிரலில் இல்லாத எது தானாக நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் கையெழுத்தில் நன்றி எழுதி, நீல அச்சுத் தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

முதல் படியில் எழுதிய நோட்டில் வாய்ப்புக் கிடைக்காத பெயர்கள் மிஞ்சியிருக்கும். அவர்களை அடுத்த வசந்தம் வரை காக்க வைக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு மாலை, ஒருவர், ஒரு திறமை, பத்து நாற்காலி என்று தொடருங்கள். அடுத்த ஆண்டுக்கான கூடத்தையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். மார்ச் வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.